எப்பிடெமியாலஜி: ஒட்டாத நோய்க்கு எதுக்கு 'தொற்றுநோயியல்'?

மலேசியாவுல, ஜொகூர்ல இருக்கிற சாஆ, பெக்கோக், லாபிஸ் பக்கம் யாராவது "எம்பொண்ணு மாஸ்டர்ஸ்ல எப்பிடெமியாலஜி எடுத்திருக்கா"ன்னு சொன்னா அடுத்த கேள்வி ரெடியா இருக்கும், "ஓ, கொரோனா படிப்பா?" இல்லக்கா, அவ படிக்கிறது இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி), பிரஷர், கிட்னி பத்தின்னு சொன்னா கேட்டவங்க இன்னும் குழம்பிடுவாங்க, ஏன்னா அதெல்லாம் ஒட்டுற நோய் இல்லையே. நியாயமான கேள்விதான். குழப்பத்துக்குக் காரணம் கேக்குறவங்க இல்ல, அந்தப் படிப்புக்கு நாம தமிழ்ல வச்சிருக்கிற பேரு.

மூலம் கிரேக்கம். 'எபி'ன்னா மேல, 'டெமோஸ்'ன்னா மக்கள், 'லோகோஸ்'ன்னா பேச்சு, அதுலேர்ந்துதான் இயல்ங்கிற அர்த்தம் வந்துச்சு. சேர்த்துப் பார்த்தா "மக்கள் மேல வந்து இறங்குறதைப் பத்தின படிப்பு". இதுல கிருமி எங்கயாவது இருக்கா? இல்ல. பழைய கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டஸ் காலத்துல கிருமின்னு ஒன்னு இருக்கிறதே யாருக்கும் தெரியாது, ஒரு ஊர்ல ஒரே சமயத்துல நிறைய பேருக்கு வந்தா அந்தச் சொல்லைப் போட்டாங்க, அவ்வளவுதான். பின்னாடி வந்த வரலாறுதான் அதைத் தொத்து வியாதியோட கட்டிப்போட்டுருச்சு. 1850-ல லண்டன்ல இந்தப் பேர்லயே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அப்ப அவங்க தலைவலியே காலராதான். 1854-ல டாக்டர் ஜான் ஸ்னோ லண்டன் பிராட் ஸ்ட்ரீட் தண்ணி பம்பைச் சுத்தி யார் யார் காலராவுல செத்தாங்கன்னு வரைபடத்துல குறிச்சுப் பார்த்த கதைய இந்தப் பாடத்தோட முதல் வகுப்புல சொல்லாத வாத்தியாரே இருக்க மாட்டாங்க.

தமிழ்ல பழைய பேரு கொள்ளைநோயியல். சொல்லுன்னு பார்த்தா எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான், ஏன்னா நம்ம வாயிலேர்ந்து வந்தது. ஊரையே வாரிக்கிட்டுப் போனதால கொள்ளை, கோவம் வந்தா "கொள்ளையில போவ"ன்னு கிழவிங்க திட்டுறதும் அதே கொள்ளைதான், திருட்டுக் கொள்ளை இல்ல. அந்தக் காலத்துத் தோட்டத்துக்கு அந்தப் பேரு அப்படியே பொருந்தும். லயத்துல, அதாவது தோட்டத்து ஆளுங்களோட வரிசை வீடுங்கள்ல, குளிர் காய்ச்சல்ல ஆளுங்க விழுந்துக்கிட்டே இருந்த காலம் அது, கிள்ளான்ல டாக்டர் மால்கம் வாட்சன் 1901-ல சதுப்புத் தண்ணிய வடிகால் வெட்டி வெளியேத்தி மலேரியாவை இறக்கிக் காட்டினார். அது கொள்ளைநோயியல், சந்தேகமே இல்ல. ஆனா இன்னைக்கு அதே தோட்டத்துல வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் போய்ட்டு வர்ற ஒரு அண்ணனோட நோய்க்குக் கொள்ளைன்னு பேரு வச்சா யாருக்குப் புரியும்.

அடுத்து தொற்றுநோயியல். பத்திரிகையில அதிகமாப் பார்க்கிறது இதுதான், இலங்கைத் தமிழ்ச் செய்தியிலயும் இதேதான் ஓடுது. இதைத்தான் முதல்ல தூக்கிப் போடணும்னு நான் சொல்லுவேன். நம்ம நாட்டுல இனிப்பு நீர், மாரடைப்பு, புத்துநோய் எல்லாத்துக்கும் மலாய்ல 'பெஞ்ஞாகிட் தீடாக் பெர்ஜாங்கிட்', தமிழ்ல தொற்றா நோய். அப்ப இந்தப் படிப்போட முழுப் பேரு என்னாகும்? "தொற்றா நோய்களின் தொற்றுநோயியல்". படிச்சுப் பாருங்க, சிரிப்பு வரும்.

மிச்சம் இருக்கிறது நோய்ப்பரவலியல். இதுலயும் 'பரவல்' வருதே, அதுவும் ஒட்டுறது மாதிரிதானே இருக்குன்னு சிலர் கேப்பாங்க. கணக்குப் பாடத்துல 'நிகழ்தகவுப் பரவல்'னு படிக்கிறோமே, அந்தப் பரவலை எடுத்துக்குங்க. அங்க எதுவும் ஒன்னுலேர்ந்து ஒன்னுக்குத் தாவுறதில்ல, எது எங்க எவ்வளவு விரிஞ்சு கிடக்குங்கிறதுதான் பரவல். எப்பிடெமியாலஜிக்குப் பாடப்புத்தகம் சொல்ற இலக்கணமும் இதேதான்: நோய் மக்கள்கிட்ட எப்படிப் பரவிக் கிடக்கு, அதைத் தீர்மானிக்கிற காரணம் என்ன, அந்த அறிவை வச்சு எப்படிக் கட்டுப்படுத்தலாம். யாருக்கு, எங்க, எப்போ, ஏன். இனிப்பு நீர் பக்கத்து வீட்டுக்கு ஒட்டாது, ஆனா ஒரு லயம் முழுக்கப் பரவிக் கிடக்கும். அதனால என் ஓட்டு நோய்ப்பரவலியலுக்கு.

இனிப்பு நீர், கிட்னி மாதிரி நோயோட கூடவே வர்ற இன்னொரு சொல்லு 'க்ரோனிக்', தமிழ்ல நாட்பட்டது. இதுவும் கிரேக்கம், 'க்ரோனோஸ்'ன்னா காலம். நம்ம ஆளுங்க டாக்டர் "க்ரோனிக்"னு சொன்ன உடனே முத்திப்போச்சுன்னு நினைச்சு அழுக ஆரம்பிச்சிடுறாங்க லா. முத்துனது வேற, நாட்பட்டது வேற. ரொம்ப லேசா இருக்கிற ஆஸ்துமாவும் நாட்பட்ட நோய்தான், சில நாள்லயே ஆளை முடிச்சிடக்கூடிய டெங்கி நாட்பட்டது இல்ல. இன்னொரு குழப்பம், நாட்பட்ட நோயும் தொற்றா நோயும் ஒன்னுன்னு நினைக்கிறது. பாதிக்கு மேல ஒத்துப்போகும், ஆனா ஒன்னு இல்ல. காசநோயும் ஹெபடைட்டிஸ் பி-யும் ஒட்டும், வருஷக்கணக்குல இருக்கவும் செய்யும். கருப்பைவாய்ப் புத்துநோய் பட்டியல்ல தொற்றா நோயா இருக்கு, ஆனா அதுக்குக் காரணம் ஒட்டுற ஒரு வைரஸ், அதனாலதான் இங்க 2010-லேர்ந்து ஸ்கூல்ல 13 வயசுப் பொண்ணுங்களுக்கு ஊசி போடுறாங்க.

மாஸ்டர்ஸ் லெவல்ல நாட்பட்ட நோய்னு போனா முதல்ல உதைக்கிறது ரெண்டு சொல்லு, 'பிரிவலன்ஸ்', 'இன்சிடன்ஸ்'. ரெண்டையும் தமிழ்ல 'நோய் விகிதம்'னு ஒரே மாதிரி எழுதுறவங்க இருக்காங்க, அது பெரிய தப்பு. தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துல காலையில வரிசையில நிக்கிற மொத்த ஆளு பிரிவலன்ஸ், அதாவது இப்ப நோய் இருக்கிறவங்க எல்லாரும்; இந்த மாசம் புதுசா செக்ரோல்ல (ஆள் பதிவேட்டுல) பேர் ஏறுன ஆளு இன்சிடன்ஸ், அதாவது புதுசா நோய் வந்தவங்க. முதல்ல சொன்னதை இருப்பு வீதம்னும் ரெண்டாவதைப் புது நிகழ்வு வீதம்னும் எழுதினா குழப்பம் இல்ல. நாட்பட்ட நோய்ல இது ஏன் முக்கியம்னா, மருந்து நல்லா வேலை செஞ்சு ஆளுங்க நீண்ட நாள் உயிரோட இருந்தாலே இருப்பு வீதம் ஏறும், புதுசா ஒருத்தருக்கும் கூடுதலா வரலைன்னாலும். எண்ணிக்கை ஏறுனது கெட்ட சேதியா நல்ல சேதியான்னு எண்ணிக்கை தானா சொல்லாது.

மலேசிய சுகாதார அமைச்சு 1986-லேர்ந்து நடத்துற தேசிய சுகாதார ஆய்வை எடுத்துக்குங்க. 2019-ல 18 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்கள்ல 18.3 விழுக்காட்டுப் பேருக்கு இனிப்பு நீர், இந்தியர்கள்ல மட்டும் பார்த்தா 31.4. 2023-ல மொத்தம் 15.6. இதெல்லாம் இருப்பு வீதம். 2019 கணக்குல கிட்டத்தட்ட பாதிப் பேரு தங்களுக்கு இருக்குன்னே தெரியாம இருந்தவங்க, ஆய்வுக்கு வந்தவங்க விரலைக் குத்தினப்புறம்தான் தெரிஞ்சுச்சு. இப்ப அந்த 31.4-ஐப் பார்த்த உடனே "நம்ம ரத்தமே அப்படித்தான்"னு ஒருத்தர் சொல்லுவாரு, "கெட்டிப்பால் தேத்தண்ணியும் வெள்ளைச் சோறும்தான்"னு இன்னொருத்தர், "தோட்டத்தை வித்து டவுனுக்கு வந்தோம், உடம்பு உழைப்பு போச்சு"ன்னு மூணாவது ஆளு. இப்படி ஒன்னோட விளைவோட இன்னொன்னோட விளைவு கலந்துபோய் எது காரணம்னு தெரியாமப் போறதுக்கு 'கன்ஃபவுண்டிங்'னு பேரு, லத்தீன்ல சேர்த்து ஊத்துறதுன்னு அர்த்தம். தமிழ்ல 'குழப்பும் காரணி'ன்னு போடுறாங்க, எனக்கு 'கலப்புக் காரணி' இன்னும் சரியாத் தோணுது. இந்தக் கலப்பைப் பிரிச்சு எடுக்கிறதுதான் அந்தப் படிப்போட முக்கால்வாசி வேலை, மீதி கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டுறது.

பிரிக்கிறதுக்கு ஒரு வழி 'கோஹோர்ட்'. ரோமானியப் பட்டாளத்துல ஒரு பிரிவோட பேரு அது, இங்க ஒரு கூட்டத்தை வருஷக்கணக்கா விடாம பின்தொடர்றது, அதனால தொடர்குழு ஆய்வுன்னு சொல்லலாம். 1948-ல அமெரிக்காவுல ஃப்ராமிங்ஹாம்ங்கிற ஊர்ல 5,209 பேரை வச்சு ஆரம்பிச்சாங்க, பிரஷரும் கொழுப்பும் சிகரெட்டும் இதய நோய்க்கு 'ரிஸ்க் ஃபேக்டர்'னு இன்னைக்கு நாம சாதாரணமாப் பேசுறது பெரும்பாலும் அங்கேர்ந்து வந்த பேச்சு. ஒட்டாத நோய்க்கும் இந்தப் படிப்பு செல்லும்னு உலகத்தை நம்ப வச்சதுல அதுக்குப் பெரிய பங்கு. அதே மாதிரி 1950-ல பிரிட்டிஷ் ஆய்வாளருங்க டால், ஹில் ரெண்டு பேரும் சிகரெட்டையும் நுரையீரல் புத்துநோயையும் சேர்த்துக் காட்டினது. ரொம்ப தூரம் போக வேணாம்னா, இங்கயே யூ.கே.எம். (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) 35-லேர்ந்து 70 வயசு வரைக்கும் ஒரு லட்சத்துக்கு மேல ஆளுங்களைச் சேர்த்த மலேசியத் தொடர்குழு இருக்கு, நம்ம சிகாமட் மாவட்டத்துலயே சாஆ, பெக்கோக் உட்பட சில முக்கிம்கள்ல (மாவட்டத்தோட உட்பிரிவு) மோனாஷ் பல்கலைக்கழகம் 2011-லேர்ந்து வீடு வீடாப் பதிவெடுக்குது. கையில டேப்லெட்டோட வந்து "எத்தனை பேர் வீட்டுல, என்ன மருந்து"ன்னு கேட்டவங்களை வாசல்லயே நிக்க வச்ச வீடு உங்களோடதா இருந்தா, அடுத்த தடவை உள்ள கூப்பிடுங்க.

ஆய்வேட்டுக்குத் தமிழ்த் தலைப்பு கேட்டா 'நாட்பட்ட நோய்களின் பரவலியல்'னு எழுதலாம், 'நோய்' ரெண்டு தடவை வராது. படிச்சு முடிச்சவங்களுக்கு நோய்ப்பரவலியலாளர், வாயில நுழையக் கொஞ்சம் நேரம் ஆகும். டாக்டரா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, நர்ஸ், பார்மசி, புள்ளியியல் படிச்சவங்களும் இதுக்குள்ள வர்றாங்க, அதனால கோயில் திருவிழாவுல பார்த்து "டாக்டரம்மா, என் பிரஷர் மாத்திரையை மாத்திக் கொடு"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க.