விலை தெரியாத காருக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

போன வாரம் ஒருவர் போனில் அழைத்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவர் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை நான்தான் பரிசோதித்து மதிப்பு சொன்னேன். இப்போது அதே கம்பெனி முதல்முறையாக ஒரு எஸ்யூவி கொண்டுவருகிறது. "சார், உருவம் தெரியாம மூடி ரோட்டுல சோதனை ஓட்டுற படம் பார்த்தீங்களா? விலை எவ்வளவு வரும்? இப்பவே அட்வான்ஸ் போட்டுடவா?" என்று ஒரே மூச்சில் கேட்டார்.

அவருடைய ஆசை எனக்குப் புரிந்தது. இரண்டு சீட் காரில் மனைவி, பிள்ளைகளோடு போக முடியாது என்று அவர் வருத்தப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன். தனக்குப் பிடித்த கம்பெனியே நான்கு பேர் உட்காரும் வண்டி செய்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்த ஆசையின் நடுவில்தான் விலை தெரியாமல் கையெழுத்துப் போடுவதும் நடக்கிறது. அவரிடம் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கம்பெனிகள் எஸ்யூவி பக்கம் வருவது பெரும்பாலும் பணத் தேவையால்தான். 1990களின் தொடக்கத்தில் போர்ஷே மூழ்கும் நிலையில் இருந்தது. 2002இல் வந்த கயென் என்ற எஸ்யூவி அந்தக் கம்பெனியின் கணக்கையே மாற்றியது. லம்போர்கினி 2017இல் உலகம் முழுக்க விற்றது 3,815 கார்கள். அந்த டிசம்பரில் அவர்களுடைய உருஸ் எஸ்யூவி அறிமுகமானது. 2019இல் மொத்த விற்பனை 8,205. அதில் 4,962 உருஸ். இத்தனைக்கும் லம்போர்கினிக்கு அது முதல் எஸ்யூவி என்று சொல்லிவிட முடியாது. 1986இலேயே தங்கள் கௌன்டாக் ஸ்போர்ட்ஸ் காரின் வி12 (12 சிலிண்டர்) இன்ஜினை வைத்து எல்எம்002 என்ற முரட்டு வண்டியைச் செய்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 300 வண்டிதான் போனது. அதையும் உருஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காலம் எப்படி மாறியிருக்கிறது என்று தெரியும்.

சரி, விலைக்கு வருவோம். அறிமுகத்துக்கு முன் வரும் விலைச் செய்திகள் எல்லாமே ஊகம். அந்த ஊகத்தைச் சோதிக்க நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இந்த வண்டியின் எலும்புக்கூடு, அதாவது அடித்தளம், யாருடையது?

கயென் முதல் தலைமுறை, ஃபோக்ஸ்வாகன் டூவாரெக்கோடு சேர்ந்து உருவானது. உருஸின் அடித்தளம் ஆடி க்யூ7, பென்ட்லி பென்டெய்கா, இன்றைய கயென் எல்லாவற்றுக்கும் பொதுவானது. எல்லாம் ஒரே குழுமத்தின் கார்கள் என்பதால் செலவு பல தோள்களில் பிரிகிறது. அதனால்தான் உருஸ் அமெரிக்காவில் 2 லட்சம் டாலரில் தொடங்க முடிந்தது. லம்போர்கினி என்ற பெயருக்கு அது கைக்கு எட்டும் விலை.

ஃபெராரி வேறு வழியில் போனது. 2018இல் புரோசாங்குவே என்று பெயரை வெளியே சொன்னார்கள். வண்டியைக் காட்டியது 2022 செப்டம்பரில். நான்கு வருடக் காத்திருப்பு. அடித்தளம் சொந்தம், 6.5 லிட்டர் வி12 இன்ஜின் சொந்தம். ஃபெராரி அதை எஸ்யூவி என்று அழைப்பதுகூட இல்லை. மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது என்று வரம்பும் வைத்தார்கள். இத்தாலியில் தொடக்க விலை 3,90,000 யூரோ. உருஸைப் பார்த்து ஃபெராரியின் விலையைக் கணக்குப் போட்டவர்களுக்கு அந்த எண் அதிர்ச்சி. எலும்புக்கூடு யாருடையது, வருடத்துக்கு எத்தனை வண்டி என்ற இரண்டையும் கேட்டிருந்தால் இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்கள்.

ஆஸ்டன் மார்ட்டின் டிபிஎக்ஸ் இரண்டுக்கும் நடுவில். அடித்தளம் சொந்தம், வி8 இன்ஜின் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி கொடுத்தது, வேல்ஸில் இதற்கென்றே தனித் தொழிற்சாலை. 2019 நவம்பரில் 1,58,000 பவுண்ட் என்று அறிவித்தார்கள். அதே சமயம் கம்பெனி கடும் பண நெருக்கடியில் இருந்தது. 2018 அக்டோபரில் 19 பவுண்டுக்கு வெளியிட்ட பங்கு, டிபிஎக்ஸ் மேடைக்கு வருவதற்குள் மதிப்பில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது. காரின் அழகை மட்டும் பார்க்காமல் கம்பெனியின் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். வாரண்டியும் உதிரிபாகமும் கொடுக்க அந்தக் கம்பெனி நன்றாக இருக்க வேண்டுமே.

இனி அட்வான்ஸ். வேறொருவர் தன் புக்கிங் படிவத்தை என்னிடம் கொண்டுவந்தார். முன்பக்கம் பளபளப்பான தாள், கம்பெனி சின்னம், அவர் பெயர், கட்டிய தொகை. பின்பக்கத்தைத் திருப்பினேன். சாம்பல் நிற எழுத்து, அரிசி அளவுகூட இல்லை. ஆறாவது வரியில் விரலை வைத்து அவரையே படிக்கச் சொன்னேன். டெலிவரி நாளில் உள்ள விலையே செல்லும் என்று இருந்தது. ஒன்பதாவது வரி, வண்டியின் விவரங்களை முடிவு செய்த பிறகு பணம் திரும்பக் கிடைக்காது என்றது. விலை எவ்வளவு என்று அந்தத் தாளில் எங்குமே இல்லை. அவர் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார். கட்டியது சின்னத் தொகை இல்லை. படித்தவர், தொழில் நடத்துபவர், தினமும் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுபவர். வரிசையில் இடம் போய்விடும் என்ற பதற்றம் அவரையும் படிக்கவிடவில்லை.

அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும். விலை அறிவித்த பிறகு எத்தனை நாளுக்குள் பின்வாங்கினால் முழுப் பணமும் திரும்ப வரும்? பணம் டீலர் கையில் இருக்கிறதா, கம்பெனிக்கே போய்விட்டதா? வண்டி தாமதமானால் என்ன ஆகும்? இதை இமெயிலில் எழுதித் தரத் தயங்கும் டீலரிடம் வாய் வார்த்தையை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், தொடக்க விலை என்பது வாசற்படிதான். ஃபெராரிக்குக் கார், உதிரிபாகம் இரண்டிலும் வரும் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, வாடிக்கையாளர் விருப்பப்படி சேர்க்கும் மாற்றங்களிலிருந்து வருகிறது. நிறம், தையல் நூல், கார்பன் ஃபைபர் என்று ஒவ்வொன்றும் தனிக் காசு. ரீசேலில் இதில் பெரும்பகுதி திரும்பாது. சிறப்பு நிறத்துக்கு அள்ளிக் கொடுத்தவரிடம், அந்த நிறத்தாலேயே வாங்க வருபவர்கள் குறைவார்கள் என்று சொல்லவேண்டிய நிலைமை எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. அதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

வாங்கிய பிறகு வரும் செலவை லிஃப்டில் ஏற்றினால் கண்ணாலேயே பார்க்கலாம். இப்படி ஒரு எஸ்யூவியைத் தூக்கி நிறுத்தி, முன் டயரின் உள் ஓரத்தைத் தடவினேன். வெளியே பார்த்தால் புதுசு போல இருந்தது. உள்ளே விரலுக்கு வரியே தட்டுப்படவில்லை, நூல் தெரியத் தொடங்கியிருந்தது. உரிமையாளரைக் கூப்பிட்டு அவர் விரலையும் அங்கே வைக்கச் சொன்னேன். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அந்த டயரோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வந்திருக்கிறார். முதலில் வந்த உருஸ் 2,200 கிலோ எடை, மணிக்கு 305 கிலோமீட்டர் வேகம். இவ்வளவு எடையை அந்த வேகத்திலிருந்து நிறுத்த முன்சக்கரத்தில் 440 மில்லிமீட்டர் கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க் வைத்திருக்கிறார்கள். புரோசாங்குவேயின் பின் டயர் 23 அங்குலம். சாதாரண எஸ்யூவி டயர் கடையில் இதெல்லாம் கிடைக்காது. புக்கிங் போடும் முன், ஒரு செட் டயர், ஒரு செட் டிஸ்க், ஒரு வருட இன்சூரன்ஸ் மூன்றுக்கும் கோட்டேஷன் வாங்குங்கள். அந்த எண்ணைப் பார்த்தும் ஆசை குறையவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம்.

முதல் வருட வண்டியே வேண்டுமா என்பதையும் யோசிக்க வேண்டும். சில கார்கள் முதல் வருடத்தில் ஷோரூம் விலைக்கு மேலேயே கைமாறும். அதை நம்பிக் கடன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். காத்திருப்பு வரிசை தீர்ந்ததும் அந்த விலை நிற்பதில்லை. கயென் வந்தபோது வி8 மட்டும்தான். பொறுத்திருந்தவர்களுக்கு விலை குறைந்த வி6 பின்னால் வந்தது. டிபிஎக்ஸ் 550 குதிரைசக்தியோடு வந்தது. 2022இல் டிபிஎக்ஸ்707 வந்தது, 707 குதிரைசக்தி. ஆரம்பத்தில் இல்லாத டச் ஸ்கிரீன் 2024இல்தான் உள்ளே வந்தது. முதலில் வாங்கியவரின் கார் கெட்ட கார் ஆகிவிடவில்லை. ஆனால் விற்கப் போகும்போது பக்கத்தில் புதியது நிற்கும். வாங்க வருபவர் அதைத்தான் காட்டிப் பேரம் பேசுவார்.

போனில் அழைத்தவர் நேற்று மறுபடியும் பேசினார். நான் சொன்ன மூன்று கேள்விகளையும் டீலருக்கு இமெயிலில் அனுப்பியிருக்கிறார். இரண்டுக்குப் பதில் வந்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா என்பதற்கு மட்டும், "கவலைப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று போனில் சொன்னார்களாம். "எழுத்துல வரட்டும்னு சொல்லிட்டேன் சார், அதுவரைக்கும் பணம் என்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.