‘லிங்’ என்றொரு விகுதி

கீட்ஸ் 1819-இல் நைட்டிங்கேல் பறவையைப் பாடிய கவிதையில் வரும் ‘டார்க்லிங்’ எந்த வினைச்சொல்லிலிருந்து பிறந்தது என்று ஆங்கில இலக்கியம் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். எந்த வினையிலிருந்தும் இல்லை. ‘இருட்டில்’ என்று பொருள் தரும் வினையடை அது. ‘டார்க்’ பகுதி, ‘லிங்’ விகுதி.

வாத்துக்குஞ்சைக் குறிக்கும் ‘டக்லிங்’கில் இருப்பது வேறு ‘லிங்’. ‘டார்க்லிங்’கில் இருக்கும் ‘லிங்’ திசையையும் கிடக்கும் நிலையையும் காட்டுவது. ஆங்கிலத்தில் ஏறக்குறைய செத்துவிட்டது. ஜெர்மனில் உயிரோடு இருக்கிறது. அங்கே ‘ரூக்லிங்ஸ்’ என்றால் மல்லாக்க. கடைசி ‘ஸ்’ பழைய ஆறாம் வேற்றுமை உருபு. ஆங்கில ‘ஆல்வேஸ்’ஸின் வாலில் இருப்பதும் அதே வகை உருபுதான்.

சரி, எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இடைக்கால ஆங்கிலத்தில் ‘குரூஃப்’ என்றால் முகம் தரையில் படக் கிடப்பது. ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்த சொல். அதோடு ‘லிங்’ சேர, ‘குரோவ்லிங்’ என்றால் ‘குப்புற’. அதுவும் வினையடைதான். பழைய ஆங்கிலத்தில் இதில் குழப்பம் வர வழியே இல்லை. ‘செய்துகொண்டு’ என்ற பொருளுக்கு அப்போது ‘எண்டே’ என்ற விகுதிதான் இருந்தது. பிற்பாடு அது தேய்ந்து, அந்த இடத்தை ‘இங்’ பிடித்துக்கொண்டது. அப்புறம் ‘இங்’ என்று முடியும் எதைக் கேட்டாலும் உள்ளே ஒரு வினை இருப்பதாகக் காது நினைத்துக்கொண்டது. குரோவ்+லிங் என்று பிரிய வேண்டியது குரோவல்+இங் என்று பிரிந்தது. இல்லாத பகுதி ஒன்று வெட்டுப்பட்டு வெளியே வந்தது: ‘குரோவல்’, அதாவது காலில் விழுந்து கெஞ்சு. 1590-களில் ஷேக்ஸ்பியரின் ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்திலேயே அது முழு வினையாக நடமாடுகிறது. பக்கவாட்டில் என்று பொருள்படும் ‘சைட்லிங்’ இதே போல ‘சைடில்’, அதாவது பக்கவாட்டில் நகர், என்ற வினையை ஈன்றது. 19-ஆம் நூற்றாண்டில் ‘டார்க்லிங்’கிலிருந்தும் ‘டார்க்கில்’, அதாவது இருளடை, என்றொரு வினையைப் பிய்த்து எடுத்தார்கள்.

இந்த வெட்டு எங்கே விழுந்தது என்று காட்ட, பழைய ஏடுகளை வரிவரியாகப் படித்துச் சொற்களுக்குத் தேதியிட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கான யோசனை 1857-இல் எழுந்தது. முதல் பதிப்பு முடிந்தது 1928-இல். இந்த மாதிரி மெதுவான வேலைக்கு மூன்றாண்டு நிதி கொடுத்துவிட்டு ‘பயன் என்ன?’ என்று கேட்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

எல்லா ‘லிங்’கும் வினையாகிவிடவில்லை. தலைகுப்புற என்று பொருள்படும் ‘ஹெட்லிங்’கை மக்கள் வேறு விதமாகச் சரிசெய்துகொண்டார்கள். ‘லிங்’ புரியாமல் போனதும், தெரிந்த சொல்லான ‘லாங்’கை அங்கே வைத்தார்கள். இன்றைய ‘ஹெட்லாங்’ அப்படி வந்தது. அதில் நீளம் எதுவும் இல்லை.