கவ்வாத்துக்கு முன்னால் வேரில் சேரும் இருப்பு

"இவ்வளவு நாள் தாங்கிட்டேன் மேடம், இப்பதான் முடியலை." கோத்தகிரியில் உளவியல் ஆலோசகராகப் பணியாற்றும் நான் மிக அதிகமாகக் கேட்டிருக்கும் வாக்கியம் இதுதான். சொல்பவர் பசுந்தேயிலை விலை சரிந்து கடன் தவணை கட்ட முடியாத சிறு விவசாயியாக இருக்கலாம்; பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மகளுக்கும் படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கும் நடுவில் வேலைக்கும் போய்வரும் பெண்ணாக இருக்கலாம். தம்மிடம் மன உறுதி குறைந்துவிட்டது என்ற குற்ற உணர்வோடுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். பல ஆண்டுகளாக உடலிலும் மனதிலும் சேர்ந்திருந்த இருப்பைச் செலவழித்தவர்களுக்கு அதை நிரப்பிக்கொள்ள அவகாசமே கிடைக்கவில்லை என்பதுதான் நான் காணும் உண்மை.

தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து செய்வதை, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதை, இந்த மலையில் அறியாதவர் இல்லை. ஓர் இலையும் இல்லாமல் வெறும் கொம்பாக நிற்கும் செடி மறுபடி துளிர்ப்பது, வேரில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தைக் கொண்டுதான். அதனால்தான் கவ்வாத்துக்கு முன்பு சில வாரங்கள் கொழுந்து பறிக்காமல் செடிக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். வேரை நறுக்கி அயோடின் தடவி, அது கருநீலமாக மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. இருப்பு இல்லாத செடியை வெட்டினால் கொம்புகள் காய்ந்துபோகும், சில செடிகள் பட்டும் போகும். நெருக்கடியிலிருந்து மீண்டெழும் ஆற்றலை நாங்கள் மீள்திறன் என்கிறோம்; அதுவும் ஏறக்குறைய இப்படிப்பட்டதே. நெருக்கடி வந்த நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு வரவழைப்பதை விட, அதற்கு முந்தைய சாதாரண நாட்களில் சேர்த்து வைப்பதே அதில் பெரும்பங்கு.

நெருக்கடி முழுவதும் கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். மூடுபனியில் கொண்டை ஊசி வளைவைத் திருப்பும் ஓட்டுநரின் கண்ணையும் கையையும் கூர்மையாக்குவது அட்ரினலின்தான். வளைவு கடந்த பிறகும் உடல் அதே நிலையில் நாள்கணக்கில் நிற்கும்போதுதான் தூக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, வீட்டில் சிறு சொல்லுக்கும் சினம் வருகிறது.

சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கி, மறுபடி ஏறும் வாடகைக் கார் ஓட்டுநர்கள் சிலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாதபடி அவர்களுடைய நிலையைச் சேர்த்துச் சொல்கிறேன். இரவில் நான்கு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. விழித்திருக்க இரவு பத்து மணி வரை கடுந்தேநீர். பிறகு தூக்கம் வரவில்லை என்று மது. தேநீரில் உள்ள காஃபீனில் பாதி, குடித்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். மது விரைவில் கண்ணை மூட வைத்தாலும், இரவின் பிற்பகுதித் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். ஆகவே அவர்களோடு மனதைப் பற்றிப் பேசுவதற்கு முன் தூக்கத்தைப் பற்றியே பேசினேன். மாலைக்குப் பின் தேநீர் வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் காரை மச்சானிடமோ நண்பரிடமோ கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டும் என்பவைதான் முதலில் கேட்டுக்கொண்டவை. வண்டியை நிறுத்தியிருக்கும் வேளையில் ஐந்து நிமிடம், நிமிடத்திற்கு ஆறு மூச்சு என்ற அளவில், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டிப் பழகச் சொன்னேன். இதயத் துடிப்பை நிதானப்படுத்த இது உதவும்.

தூக்கத்துக்கு அடுத்த இருப்பு, மனிதர்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்திருந்தனர். அவர்களுக்கு நிலையான அன்பு காட்டிய ஒருவராவது, பாட்டியோ ஆசிரியரோ, இருந்திருக்கிறார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீடுகளில் வளர்ந்து வேலைக்காகத் திருப்பூருக்கும் கோவைக்கும் போன இளைஞர்கள் உடைந்து திரும்பும்போது, சம்பளத்தைவிட அங்கே பேச ஆள் இல்லாததைத்தான் அதிகம் சொல்கிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கூலி தாமதமாகும் இடத்திலும், ஓய்வில்லாமல் வேலை வாங்கும் இடத்திலும் மீள்திறன் பயிற்சியை மருந்தாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே முதலில் மாற வேண்டியது பணிநேரமும் கூலியும்தான்.

மனச்சோர்வோ எதிலும் பிடிப்பின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால், தாமதிக்காமல் மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்க வேண்டும்; சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அழைக்கத் தயங்குபவராக இருந்தால், அருகில் இருப்பவரே அந்த எண்ணை அழைத்துத் தொலைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.