முன்சக்கர வேலையில் எடை நிற்கும் இடம்

ரங்கூனில் மழை ஓயும் அக்டோபர் கடைசியில், முன்பக்கம் ‘டக், டக்’ என்று சத்தம் வருவதாகச் சொல்லி எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகள் கூடிவிடுகின்றன. 1970ஆம் ஆண்டு டிசம்பரில் இந்நாட்டுப் போக்குவரத்து இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் நம் தெருக்களில் ஓடும் பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றில் ஸ்டியரிங் இன்னும் வலப்பக்கமே இருக்கிறது. ஓட்டுபவர் அமர்ந்திருக்கும் அந்தப் பக்கத்துச் சக்கரம்தான் தண்ணீர் தேங்கிய ஓரக்குழிகளில் விழுந்து எழுகிறது என்பதால், அங்குள்ள பால் ஜாயிண்டும் (சக்கரம் திரும்ப இடம்தரும் உருண்டை மூட்டு) புஷ்ஷும் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளை) முதலில் தேய்ந்திருப்பதை அடிக்கடி காண்கிறேன்.

உதிரிப்பாகத்தை வாங்கி வந்து வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்பவர்கள் நம்மவர்களில் பலர். அதை நான் குறை சொல்லவில்லை; கைவேலை பழகியவருக்கு லிங்க் ராடு என்ற சிறு இணைப்புக் கம்பியை மாற்றுவது எட்டாத வேலையும் அல்ல. ஆனால் பாகத்தின் விலையையும் தரத்தையும் அக்கறையோடு விசாரிப்பவர்கள், வேலை நடக்கும்போது வண்டியின் எடை எதன்மேல் நிற்கிறது என்பதை யோசிப்பதில்லை. என் கவலை அதைப் பற்றியதுதான்.

சென்ற மழைக்கு முன் தம்பி ஒருவர் தம் டொயோட்டா புரோபாக்ஸ் வண்டியைக் கொண்டுவந்தார். மூன்று மாதங்களுக்கு முன் தாமே பூட்டிய புதிய லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை) அதற்குள் ஆடுகிறது என்றும், கடைக்காரர் போலிச் சரக்கைத் தள்ளிவிட்டார் என்றும் வருத்தப்பட்டார். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரும்பில் குறை ஏதும் இல்லை; புஷ்ஷின் உள்குழாயை ஒட்டிய ரப்பர் மட்டும் அரைவட்டமாகக் கிழிந்து, நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

“அண்ணே, போல்ட்டை நல்லா இறுக்கித்தான் விட்டேன்” என்றார்.

“சக்கரம் தொங்கும்போதா, எடை ஏறின பிறகா?”

தொங்கும்போதுதான் என்றார். ரப்பர் உள்குழாயோடும் வெளிவளையத்தோடும் ஒட்டப்பட்டது. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும், அதன்பின் ஆர்ம் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர்தான் முறுக்கி வளைந்துகொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதும் அது முறுக்கிக்கொண்டே இருந்து, சில மாதங்களில் கிழிந்துவிடும். ஆகவே முதலில் போல்ட்டுகளைக் கையால் ஓட்டிவிட்டு, ஆர்மின் அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கரம் தரையில் நிற்கும்போது இருக்கும் உயரத்துக்கு அதைத் தூக்கிய பிறகே கடைசி இறுக்கத்தைக் கொடுக்க வேண்டும். கழற்றிய பழைய ஆர்மை மலிவாக வாங்குபவர்களுக்கும் ஒரு சொல்: இரும்பு பளபளவென்று இருந்தாலும், ரப்பருக்கு அது கழன்று வந்த வண்டியின் வயது இருக்கலாம்.

ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அல்ல. மழையில் ஊறிய மண்ணில் அது சரியும். செங்கல் அடுக்கோ சொல்லாமல் நொறுங்கும். கெட்டியான தளத்தில், எடையைத் தாங்கும் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டி உட்கார்ந்து, பின்சக்கரங்களுக்குக் கட்டையும் கொடுத்த பிறகே அடியில் கை நீட்டுங்கள்.

காயில் ஸ்பிரிங் என்ற சுருள்வில் இருக்கும் இடத்தில் மட்டும் நான் கண்டிப்பாகவே பேசுவேன். ஷாக் அப்சர்பரின் உச்சியில் நடுவில் தெரியும் நட்டுதான் அமுக்கி வைத்த ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுற்றியுள்ள நட்டுகளே அதை வண்டியோடு சேர்ப்பவை. வண்டி தூக்கியிருந்தாலும், ஷாக்கை வெளியே எடுத்துவிட்டாலும், ஸ்பிரிங்கினுள் விசை அப்படியே இருக்கிறது. அமுக்கும் கருவியில்லாமல் நடு நட்டைக் கழற்றினால், முகத்தையும் கையையும் பறிக்கும் வேகத்தில் அது வெளியேறும். வாடகைக்கு எடுத்த, மரை தேய்ந்த கருவியும் கழன்று அதே கேட்டைச் செய்யும். ஷாக்கை முழுதாகக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். ஸ்பிரிங்கை நாங்கள் பிரித்துத் தருகிறோம்.

பால் ஜாயிண்டின் பள்ளம் வெட்டிய நட்டைச் சொன்ன அளவு இறுக்கிய பிறகு, நட்டு கழலாமல் பூட்டும் கம்பி ஊசிக்கான துளை நேராக வரவில்லையென்றால், அடுத்த பள்ளம் வரை இன்னும் சற்று இறுக்குங்கள், தளர்த்தாதீர்கள். அந்த ஊசி எப்போதும் புதியதாக இருக்கட்டும். பிரேக் காலிப்பரை (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அதன் குழாயான ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். லோயர் ஆர்மையோ, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடையோ தொட்டிருந்தால், அன்றே சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, அதாவது அலைன்மெண்டைப் பார்த்துவிடுங்கள். சக்கர நட்டுகளை நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் மறுபடி ஒருமுறை ஸ்பானர் வைத்துச் சோதியுங்கள்.