பெட்டியில் சீனி வரியை மட்டும் பார்த்தால் போதாது

சோற்றை நிறுத்தியாச்சு, காலையில் கோதுமை ரொட்டியும் இல்லை, தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டே மாசக்கணக்காச்சு, ஆனால் விரலைக் குத்திப் பார்த்தால் மீட்டரில் எண் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்த டவுனில் சீனி வருத்தக் கிளினிக் வரிசையில் நின்றாலும் காதில் விழுகிற புலம்பல் இதுதான். "அப்ப என்னதான் சாப்பிடுறீங்க அக்கா?" என்று கிண்டிக் கேட்டால், பத்து மணிக்கு நாலு கிரீம் கிரேக்கர், பின்னேரம் மோல்ட் பவுடர் கரைத்த ஒரு கப், ராத்திரிக்குக் குரக்கன் ரொட்டி என்று ஒவ்வொன்றாக வரும். மூன்றிலும் நாக்குக்குச் சீனி பெரிதாகத் தெரியாது. உடம்புக்குத் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். வளர்ந்த ஆள் ஒருவருக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம். சீனி வருத்தம் இல்லாதவருக்கு வெறும் வயிற்றில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 90 மில்லிகிராம் அளவில் குளுக்கோசு இருக்கும். பெருக்கினால் முழு இரத்தத்துக்கும் வருவது 4.5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிச் சீனியின் எடை, அவ்வளவுதான். அதற்கு மேல் வந்து சேருவதையெல்லாம் சதையி சுரக்கும் இன்சுலின் தசைக்கும் ஈரலுக்கும் தள்ளிவிட வேண்டும். சீனி வருத்தக்காரருக்கு அந்த வேலைதான் மெதுவாக நடக்கிறது. ஆகவே ஒரு முறை சாப்பிட்டதில் 20 கிராம் குளுக்கோசு வந்து இறங்கினாலே மீட்டர் காட்டிக் கொடுத்துவிடும்.

சரி, கிரீம் கிரேக்கரில் அந்த 20 கிராம் எங்கிருந்து வருகிறது? கோதுமை மாவிலிருந்துதான். மாப்பொருள் என்பது பாசிமாலை மாதிரி ஆயிரக்கணக்கில் கோர்த்து வைத்த குளுக்கோசு. அதன் நூலை அறுக்கிற அமிலேசு என்ற நொதியம் நம்முடைய எச்சிலிலேயே இருக்கிறது. நம்பாவிட்டால் ஒரு துண்டு பாணை விழுங்காமல் ஓரிரு நிமிடம் மென்று பாருங்கள், லேசாக இனிக்கத் தொடங்கும். கிரேக்கர் 100 கிராமில் 70 கிராம் அளவு காபோவைதரேற்று, அதாவது மாப்பொருளும் சீனியும் சேர்ந்த கணக்கு, உண்டு. ஒன்றின் எடை 7 கிராம் என்று வைத்தால் நாலு பிஸ்கட்டில் ஏறத்தாழ 20 கிராம். அந்த அக்காவின் குரக்கன் ரொட்டியும் இதே கதைதான். நாரும் கல்சியமும் அதில் கூட, அது உண்மை, ஆனால் மாவில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் காபோவைதரேற்றுதான், 60 கிராம் மாவில் தட்டிய ஒரு ரொட்டி 40 கிராமைத் தாண்டிவிடும். காபோவைதரேற்றைக் குறைத்துச் சாப்பிடுகிறேன் என்பவர்கள் பொதுவாக நாளைக்கு 130 கிராமுக்குள் நிற்கப் பார்ப்பார்கள், கடுமையாகப் பிடிப்பவர்கள் 20 முதல் 50 கிராமுக்குள். மோல்ட் கப்பையும் சேர்த்தால் அக்காவின் "ஒண்ணும் சாப்பிடலையே" என்ற பட்டியலே 80 கிராமுக்குக் கிட்ட வந்துவிடுகிறது.

இப்போது பெட்டியின் பின்பக்கம். அங்கே "மொத்தக் காபோவைதரேற்று" என்று ஒரு வரி, அதற்குக் கீழே "அதில் சீனி" என்று இன்னொரு வரி. முக்கால்வாசிப் பேர் கீழ் வரியைப் பார்த்துவிட்டு, குறைவாகத்தான் இருக்கிறது என்று கூடைக்குள் போட்டுவிடுகிறார்கள். ஆனால் சீனி என்று அந்த வரியில் எண்ணப்படுவது ஒற்றை அலகுகளும் இரட்டை அலகுகளும் மட்டும்தான், அதாவது குளுக்கோசு, பிரக்டோசு, சுக்குரோசு, மோற்றோசு, லக்டோசு மாதிரியானவை. மூன்று குளுக்கோசு சேர்ந்து ஒரு சங்கிலியாகிவிட்டால் அது சீனிக் கணக்கிலிருந்து தப்பிவிடும். மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் அப்படித் தப்புகிற ஆள்தான். மாப்பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்த வெள்ளைத் தூள், இனிப்பே பெரிதாக இருக்காது, சூப் பக்கெட், சிப்ஸ் மசாலா, சத்துமா, "சீனி சேர்க்காதது" என்று எழுதிய பானம் எல்லாவற்றுக்குள்ளும் போகும். இரத்தத்தில் ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் குளுக்கோசுக்கு 100 என்றால் நாம் போடும் வெள்ளைச் சீனிக்கு 65 அளவு, மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் குளுக்கோசை ஒட்டி நிற்கும். சீனி என்று பெயர் இல்லாதது சீனியை விட வேகமாக ஓடுகிறது!

மோல்ட் பவுடர் இந்த மோல்ட்டோடெக்ஸ்ட்ரினுக்கு உறவுக்காரர். வாற்கோதுமையை முளைக்கவிட்டால் அதற்குள்ளே இருக்கும் நொதியங்கள் மாப்பொருளை மோற்றோசாக வெட்டத் தொடங்கும், அதை ஊறவைத்து வடித்து வற்றவைத்தால் மோல்ட். நம் வாயும் குடலும் செய்யவேண்டிய வேலையை பக்டரியிலேயே பாதி முடித்துத் தருகிறார்கள் என்று அர்த்தம். நோயாளிக்குக் கொடுக்க நல்லது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கொண்டுவருவதும் இதைத்தான், அதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். பாமசியில் புண்ணுக்கு விற்கும் அயடீன் கரைசல் ஒரு சொட்டை, கடையில் வாங்கிய சொசேஜ் ஒன்றை வெட்டி அந்த வெட்டுமுகத்தில் விடுங்கள். வெறும் இறைச்சி என்றால் அயடீனின் பழுப்பு நிறமே நிற்கும். மாவு கலந்திருந்தால் கண்ணெதிரிலேயே கருநீலமாகும். மீட்போல், நகட்ஸ், நண்டுக் குச்சி எல்லாவற்றிலும் பார்க்கலாம், பார்த்த துண்டைச் சாப்பிடாமல் வீசிவிட வேண்டும். ஒரு குறை, இது மாப்பொருளை மட்டும்தான் பிடிக்கும், சீனிக்கு நிறம் மாறாது, துண்டுதுண்டாக உடைந்த மோல்ட்டோடெக்ஸ்ட்ரினையும் ஒழுங்காகக் காட்டாது.

குளிர்பானப் போத்தலில் உள்ள நிற வட்டத்தையும் சொல்லவேண்டும். 2016 இலிருந்து இலங்கையில் இது கட்டாயம்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 இற்குக் கீழே பச்சை. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் செம்மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று நினைத்துவிடுகிறோம். 10 கிராம் உள்ள பானமும் செம்மஞ்சள்தான், 250 மில்லிலீற்றர் போத்தலில் 25 கிராம், ஐந்தாறு தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்ன அளவில் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குள், முடிந்தால் 25 இற்குள் இருக்கவேண்டும். அந்த ஒரு போத்தலிலேயே இரண்டாவது எல்லை முடிந்தது.

பால்மாவில் ஒரு வேடிக்கை. கொழுப்பு நீக்கியது உடம்புக்கு நல்லது என்று அதை வாங்குவார்கள், கொழுப்பை எடுத்தால் மிச்சத்தில் லக்டோசின் பங்கு கூடும் என்பதை யோசிப்பதில்லை. முழு ஆடைப் பால்மா 100 கிராமில் 38 அளவு என்றால் ஆடை நீக்கியதில் 50 இற்கு மேல். ஒரே பக்கெட்டில் எல்லாம் கலந்து வரும் தேத்தண்ணித் தூள் வகையில் சீனி, அதோடு கிரீமருக்குள் குளுக்கோசுப் பாகும். நம்ம ஊர் தேயிலையை வைத்துக்கொண்டு அதை ஏன் குடிக்கவேண்டும் என்று தெரியவில்லை. பாலும் சீனியும் போடாத வெறும் சாயத் தேத்தண்ணியில் காபோவைதரேற்று இல்லை என்றே சொல்லலாம்.

கித்துள் பாணி, கருப்பட்டி, தேன், இதெல்லாம் இயற்கைதானே என்பார்கள். கித்துள் பாணியில் பெரும்பங்கு சுக்குரோசு, கடைச் சீனியும் அதுதான். சுக்குரோசு பாதி குளுக்கோசு, பாதி பிரக்டோசு. பிரக்டோசு பெரும்பாலும் ஈரலுக்குப் போய்விடும், மீட்டர் அதைப் பார்ப்பதே இல்லை, அதனால் பாணி சாப்பிட்ட அன்று எண் அவ்வளவு ஏறவில்லை என்று சந்தோஷப்படுகிறவர் உண்டு. மிஞ்சியதை ஈரல் கொழுப்பாக்கி வைக்கிறது.

உறைப்புச் சாப்பாட்டில் ஒளிந்திருப்பது தனி. கடையில் டெவல் சிக்கன் பளபளவென்று வருகிறதே, அது தக்காளி சோஸும் சீனியும் சேர்ந்து சட்டியில் ஒட்டிய பளபளப்பு. தக்காளி சோஸில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் சீனி உண்டு. சீனி சம்பல் பெயரிலேயே சொல்லிவிடுகிறது, அச்சாறு சொல்லாது. இருமல் பாணியும் வெல்லம் போட்டுப் புளிக்கவைத்த ஆயுர்வேத மருந்தான அரிஷ்டமும்கூடக் கணக்கில் சேரும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு நாளைக் காலையே எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். இன்சுலின் ஊசி போடுகிறவரும் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் மாதிரி மாத்திரை எடுக்கிறவரும் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் குளுக்கோசு ஆபத்தாக இறங்கும், கிளினிக் டொக்டரிடம் சொல்லி மருந்தின் அளவையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே மீட்டரில் பாருங்கள், பார்க்க வசதியில்லை என்றால் பொறுக்கவே வேண்டாம், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்கவேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு தடவை. அந்த நேரத்துக்குச் சொக்கலட் சரிவராது, அதிலுள்ள கொழுப்பு வயிற்றைத் தாமதப்படுத்தும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.