இளவரசியின் காலடியில் நொறுங்கும் பனி

2013-இல் வெளியான டிஸ்னியின் ‘ஃப்ரோசன்’ இசைப்படத்தில் இளவரசி ஆனா ஆழமான பனியைக் கால்களால் உழுதுகொண்டு நடக்கும்போது, பனியின் ஒரு பகுதி அமுங்கி இறுகுகிறது. ஒரு பகுதி கட்டியாகப் பெயர்கிறது. மீதி பொடியாகச் சிதறுகிறது. இம்மூன்றையும் ஒரே பொருளிடம் வரவழைப்பது கணினி வரைகலையில் எளிதன்று. ஓடும் நீரைக் கணக்கிடும் முறை வேறு, வளையும் திடப்பொருளைக் கணக்கிடும் முறை வேறு. பனியோ, பிடித்தால் பிடிபட்டு உதிர்த்தால் உதிரும் புட்டு மாவைப் போல, இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

டிஸ்னியின் பொறியாளர்களும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகக் கணிதவியலாளர்களும் இதற்காகக் கையாண்டது, 1990-களில் இயக்கவியலில் உருவான ‘மெட்டீரியல் பாயிண்ட் மெத்தட்’ என்னும் முறை. இதில் பனி எண்ணற்ற துகள்களாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு துகளும் தன் நிறை, வேகம் ஆகியவற்றோடு, தன்னிடத்துப் பனி இதுவரை எவ்வளவு நசுங்கியது, எவ்வளவு இழுபட்டது என்ற கணக்கையும் சுமந்து செல்கிறது. துகள்கள் தம்முள் நேரடியாக மோதிக்கொள்வதில்லை. அவை தம் நிறையையும் வேகத்தையும் ஒரு முப்பரிமாணக் கட்ட வலையிடம் ஒப்படைக்கின்றன. விசைகளும், காலோடு நிகழும் மோதலும் அந்த வலையில் கணக்கிடப்படுகின்றன. புதிய வேகத்தைத் திரும்பப் பெற்ற துகள்கள் நகர்ந்ததும், வலை துடைக்கப்பட்டு அடுத்த கணத்துக்குப் புதிதாக நிரப்பப்படுகிறது. திரையில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் இந்தச் சுற்று பலமுறை நடந்துவிடுகிறது.

பனிக்குரிய குணம் வருவது இரண்டு வரம்புகளால். ஆய்வுக் கட்டுரை தரும் அடிப்படை அளவுகளின்படி, 2.5 சதவீதம் வரை நசுங்கினாலும் 0.75 சதவீதம் வரை இழுபட்டாலும் பனி மீள்தன்மையோடு பழைய வடிவத்துக்குத் திரும்பும். அதைத் தாண்டிய மாற்றம் நிலைத்துவிடும். அவ்வாறு நசுங்கிய பகுதி மேலும் கடினமாகிறது, இழுபட்ட பகுதி வலுவிழக்கிறது. மிதிபட்ட குழியின் அடி கெட்டியாவதற்கும் அதன் விளிம்பு பிளந்து சரிவதற்கும் இந்த ஒரு விதியே போதும். பனி எங்கே உடைய வேண்டும் என்று எந்த ஓவியரும் கோடு போட்டுக் காட்டத் தேவையில்லை. இதையே இம்முறையின் பேரழகு என்பேன். வரம்புகளைக் குறைத்தால் பொடிப்பனி கிடைக்கும். கூட்டினால் ஈரம் கலந்த கட்டிப்பனி.

திரையில் இந்தப் பனியைக் கண்டு வியந்த பனிச்சரிவு ஆய்வாளர் ஜோஹன் கோம், அதை உருவாக்கியவர்களை அணுகி, கணினி நிரலைத் தம் ஆய்வுக்கேற்ப மாற்றிக்கொண்டார். 1959-இல் ரஷ்யாவின் யூரல் மலைத்தொடரின் டியாட்லோவ் கணவாயில் மலையேற்றத்துக்குச் சென்ற 9 பேர் இறந்த புதிரை ஆராய்ந்து, நிலப்பொறியியலாளர் அலெக்சாண்டர் புஸ்ரினுடன் இணைந்து அவர் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கூடாரத்தில் படுத்திருப்பவரின் மார்பின்மீது சிறிய பனிப்பாளம் ஒன்று சரிந்து விழுந்தால் எத்தகைய காயம் உண்டாகும் என்பது அதில் இம்முறையைக் கொண்டே கணிக்கப்பட்டது.