கடைப் போஸ்டர் நீலமாகிறது, அல்பத்துப் படம் சிவப்பாகிறது

பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ பஸ்ஸுக்கு நிற்கும்போது பழைய கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் போஸ்டர்களைப் பாருங்கள். சவர்க்காரப் பெட்டியோடு சிரிக்கும் பெண், சலூன் கண்ணாடியில் தலைவாரி நிற்கும் இளைஞன், எல்லாரும் நீலமாகிப் போயிருப்பார்கள். முகத்தின் சிவப்பும் சேலையின் மஞ்சளும் போய், நீலமும் கறுப்பும் மட்டும் மிஞ்சியிருக்கும். வீட்டு அலுமாரிக்குள் இருக்கும் எழுபதுகளின் கலியாண அல்பத்தைத் திறந்தால் நேர்மாறு. மாப்பிள்ளை, பொம்பிளை, பந்தல் எல்லாம் செங்கல் நிறம். இரண்டுமே மஞ்சள், மஜென்டா (கடும் ரோசா), சயான் (பச்சை கலந்த நீலம்) என்ற மூன்று நிறங்களைக் கலந்து உண்டான படங்கள்தான். பிறகு ஏன் ஒன்று நீலத்துக்கும் மற்றது சிவப்புக்கும் போகிறது?

வன்னியில் வீடு சோடிக்கிறவர்களுக்கு இது முக்கியமான கேள்வி. 2009க்குப் பிறகு தறப்பாள் கொட்டிலில் தொடங்கி, தகரக் கொட்டில், பிறகு கல்வீடு என்று வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் எழும்பிய வீடுகள் பல இப்போது இரண்டாம் முறை பெயின்ற் காண்கின்றன. செற்றி வருகிறது, கேர்ட்டன் வருகிறது, ஹோல் சுவரில் பெரிய படங்கள் ஏறுகின்றன. ஆனால் அந்தப் படங்களில் பல, ஒன்றே ஒன்றாக மிஞ்சியவை. இடம்பெயர்வில் அல்பம் முழுவதும் போய், அடையாள அட்டைக்கு எடுத்த படமோ, வெளிநாட்டுச் சொந்தக்காரர் திருப்பி அனுப்பிய பிரதியோ மட்டும் கையில் இருக்கும். அதைக் கொண்டுபோய் வீட்டிலேயே வெளிச்சமான இடத்தில் மாட்டுகிறோம். நல்ல மனதோடுதான் மாட்டுகிறோம், ஆனால் அந்த இடம்தான் படத்துக்கு ஆகாத இடம். வீடு பளிச்சென்று இருக்கவும் வேண்டும், படம் நிலைக்கவும் வேண்டும் என்றால் ஒளி வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

யன்னலால் வரும் ஒளி சுவரில் படுகிறது. சுவர் அதில் ஒரு பங்கை விழுங்கி, மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அது எதிர்ச் சுவரில் பட்டு மறுபடி திரும்புகிறது. புது வெள்ளைப் பெயின்ற் ஏறக்குறைய 80 வீதத்தைத் திருப்பும். எல்லாப் பக்கமும் அப்படி வெள்ளையாக இருந்தால், உள்ளே வந்த ஒளியை 1 பங்கு என்று வைத்து 1, 0.8, 0.64 என்று கூட்டிக்கொண்டே போகலாம், மொத்தம் 5 பங்கு வரும். 50 வீதம் திருப்பும் நடுத்தர நிறமென்றால் 2 பங்கோடு நின்றுவிடும். 30 வீதம் மட்டும் திருப்பும் மங்கலான சுவரென்றால் ஒன்றரைப் பங்கும் தேறாது. யன்னலும் வெயிலும் அதேதான். உண்மையான ஹோலில் கதவும் கதிரையும் ஓட்டின் அடிப்பக்கமும் ஒளியை விழுங்குவதால் ஐந்து மடங்கு கிடைக்காது. என்றாலும் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

நிறங்களுக்கும் இதே கணக்குத்தான். கடையில் அட்டையில் பார்க்கும்போது மென்மையாகத் தெரிந்த ரோசா, நாலு சுவருக்கும் அடித்தவுடன் கண்ணைக் குத்துவது ஏன்? அந்தப் பெயின்ற் சிவப்பொளியில் 80 வீதத்தையும் நீலத்தில் 40 வீதத்தையும் திருப்புகிறது என்று வைப்போம். முதல் தடவை பட்டுத் திரும்பியதும் சிவப்பு நீலத்தைப்போல் இரண்டு மடங்கு. இரண்டாம் தடவை நாலு மடங்கு, மூன்றாம் தடவை எட்டு. அறைக்குள் ஒளி சுற்றச் சுற்ற நிறம் தடிக்கிறது. ஆகவே அட்டையில் பிடித்த நிறத்தைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள். கடும் நிறம்தான் வேண்டுமென்றால் ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் அடியுங்கள். யன்னல் இருக்கும் சுவரை வெள்ளையாகவே விடுவது நல்லது. பளிச்சிடும் யன்னலுக்குப் பக்கத்தில் கடும் நிறம் இருந்தால் கண் கூசும். நிலத்தையும் மறக்க வேண்டாம். வெயில் வீட்டுக்குள் வந்ததும் முதலில் விழுவது அங்கேதான். சிவப்புச் சீமெந்து நிலம் சிவப்பு கலந்த கொஞ்ச ஒளியைத்தான் மேலே அனுப்பும். அந்த இடத்தில் ஒரு வெளிறிய பனையோலைப் பாயை விரித்துவிட்டு அறையைப் பாருங்கள்.

வெள்ளை என்பதே தனிக் கதை. சுண்ணாம்பு அடிக்கும்போது ஒன்றும் பிடிக்காததுபோல் இருக்கும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். சுண்ணாம்புத் துகளுக்கும் அதைச் சுற்றியுள்ள பொருளுக்கும் ஒளியை வளைக்கும் திறனில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ அவ்வளவுக்கு ஒளி சிதறும். அந்தத் திறனைக் காட்டும் எண் துகளுக்கு 1.6 அளவு, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. ஈரம் போய்க் காற்றுப் புகுந்ததும் வித்தியாசம் கூடுகிறது, சிதறல் கூடுகிறது, சுவர் வெளுக்கிறது. கடையில் வாங்கும் வெள்ளைப் பெயின்றில் இருப்பது டைட்டானியம் டைஒக்சைட். அதன் எண் 2.5க்கு மேல், அதனால் பிசினுக்குள் இருந்தாலும் வெள்ளையாகவே நிற்கும். அந்த டைட்டானியத்தின் மூலப்பொருள்களில் ஒன்றான இல்மனைற், கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டைக் கடற்கரையில் கரும் மணலாகக் கிடக்கிறது. இவ்வளவு வெள்ளையான நிறப்பொருள் இந்தக் கறுப்பு மணலிலிருந்து வருகிறது என்பதை நினைக்க இன்னும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இனிப் போஸ்டருக்கு வருவோம். ஒரு சாயத்துக்கு நிறம் இருப்பது அது ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சுவதால்தான். மஞ்சள் நீல ஒளியை உறிஞ்சும், மஜென்டா பச்சையை, சயான் சிவப்பை. நீல ஒளியின் துகள் ஒவ்வொன்றுக்கும் சக்தி அதிகம், சிவப்புக்குக் குறைவு. கண்ணுக்குத் தெரியாத புறஊதாவுக்கு அதைவிட அதிகம். அந்தச் சக்தி சாய மூலக்கூறின் பிணைப்புகளை உடைக்கிறது, அல்லது காற்றிலுள்ள ஒட்சிசனோடு அதைச் சேர வைக்கிறது. உடைந்த மூலக்கூறுக்கு நிறம் இல்லை. மஞ்சள் அதிக சக்தியை வாங்குவதால் முதலில் அடிபடும், மஜென்டாவும் பெரிதாகத் தாக்குப்பிடிக்காது. ஆனால் அச்சு மையின் சயான், 1935இல் சந்தைக்கு வந்த செப்புத் தலோசயனின் என்ற நிறப்பொருள். வண்டிச் சில்லின் குடம்போல் நடுவில் ஒரு செம்பு அணு, சுற்றிவர ஒரு வளையம். வாங்கிய சக்தியை வளையம் முழுவதும் பகிர்ந்து வெப்பமாக விட்டுவிடும், உடைவது அரிது. போஸ்டர் அதனால்தான் நீலமாகிறது.

அல்பத்தில் நடப்பது வேறு. அங்கே வெளிச்சமே இல்லை. ஸ்ரூடியோவில் கழுவிய வண்ணப் படத்தில் உள்ள சயான் வேறு வகைச் சாயம். அறுபது, எழுபதுகளின் தாள்களில் அது இருட்டிலேயே, வெறும் சூட்டாலும் ஈரத்தாலும் சிதைந்தது. சயான் போனால் மிஞ்சுவது மஞ்சளும் மஜென்டாவும், அதாவது செங்கல் நிறம். பிற்காலத் தாள்கள் இதில் எவ்வளவோ மேல். என்றாலும் சூடு கூடக்கூடச் சிதைவின் வேகமும் கூடும் என்பது எல்லாத் தாளுக்கும் பொது. தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்த பெட்டியைவிட, உள்ளறை அலுமாரியின் நடுத்தட்டு பல மடங்கு நல்ல இடம். கறுப்பு வெள்ளைப் படம் நீண்ட காலம் நிற்பதற்குக் காரணம் அதில் சாயமே இல்லை, நுண்ணிய வெள்ளித் துகள்கள்தான் இருக்கின்றன. ஈரம் ஏறினால் மட்டும் ஓரங்களில் கண்ணாடிபோல் ஒரு மினுக்கம் தோன்றும்.

கதிரைத் துணி, கேர்ட்டன், சாயமிட்ட பனையோலைப் பெட்டி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். சேதன சாயங்கள் பெரும்பாலும் போகும், கனிமங்கள் பெரும்பாலும் நிற்கும். காவியும் செம்மண்ணின் சிவப்பும் இரும்பொட்சைட்டு, அதாவது துரு. இனி அது துருப்பிடிக்க எதுவும் இல்லை, வெயில் அதை ஒன்றும் செய்யாது. நல்ல வெயில் படும் விறாந்தைச் சுவருக்குக் காவி, மண்மஞ்சள் போன்ற நிறங்களை வைத்துக்கொண்டு, கடும் ஊதாவையும் ரோசாவையும் உள்ளே கொண்டுபோவது புத்தி.

படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் தாங்கும்? ஒரு பரப்பில் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். அருங்காட்சியகங்களில் வண்ணப் படம், துணி போன்றவற்றுக்கு 50 லக்ஸ் என்பது வழக்கமான எல்லை. உச்சி வெயில் ஒரு இலட்சம் லக்ஸ் வரை வரும். பாதிப்பு ஏறக்குறைய ஒளியையும் நேரத்தையும் பெருக்கிய அளவு. யன்னலால் விழும் மாலை வெயில் 50,000 லக்ஸ் என்று வைத்தால், படத்தின்மேல் அது ஒரு மணிநேரம் படுவதும், 50 லக்ஸில் நாளுக்குப் பத்து மணிநேரமாக 100 நாள் வைப்பதும் சமம். யன்னல் கண்ணாடி காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். சாதாரணக் கண்ணாடி புறஊதாவின் கடுமையான பகுதியைத் தடுக்கும், மற்றப் பகுதியைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும்.

வெயில் எந்தப் பக்கத்தால் வரும்? கிளிநொச்சி ஏறக்குறைய 9.4 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை வருசப்பிறப்பு நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பிறகு ஓகஸ்ட் கடைசி வரை நண்பகலில் அது எமக்கு வடக்கே நிற்கும், மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே போகும். வடக்கே போனாலும் உச்சியிலிருந்து 14 பாகைதான் சாயும், அந்த வெயிலைச் சின்னத் தாழ்வாரமே மறைத்துவிடும். மார்கழியில் தெற்கே 33 பாகை சாயும்போது கொஞ்சம் அகலமான தாழ்வாரம் வேண்டும். தாழ்வாரத்துக்கு அடங்காதது கிழக்கும் மேற்கும்தான். காலையும் மாலையும் வெயில் படுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழையும். மேற்கு யன்னலுக்கு நேர் எதிரே உள்ள சுவர், படம் மாட்டக் கூடாத சுவர்.

யன்னலுக்குச் செங்கோணமாக நிற்கும் பக்கச் சுவர்தான் சரியான இடம். அதில் இன்னொரு இலாபமும் உண்டு. பிறேம் கண்ணாடியின் இரண்டு முகமும் ஒவ்வொன்றும் 4 வீத ஒளியைத் திருப்பும். எதிரே யன்னல் இருந்தால் அந்த 8 வீதமே முகத்தை மறைக்கப் போதும், அம்மாவின் படத்தைப் பார்க்கப் போனால் முற்றத்து வேப்பமரம்தான் தெரியும். பழைய வீடுகளில் படத்தின் மேற்பக்கத்தைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்து மாட்டுவார்கள். அப்போது கண்ணாடியில் பிரதிபலிப்பது யன்னலுக்குப் பதிலாக நிலம். பின்னால் காற்றும் ஓடும்.

படத்தைச் சுற்றியுள்ள நிறம் படத்தையே மாற்றும். பாரிசின் கோபலின் நெசவாலையில் சாயப் பொறுப்பிலிருந்த செவ்ரோல் என்ற வேதியியலாளர் 1839இல் இதை விரிவாக எழுதினார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று முறைப்பாடு வந்தது. பார்த்தால் சாயத்தில் பிழையில்லை, பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் கண்ணை அப்படிக் காண வைத்தன. பச்சைச் சுவரில் முகம் சிவந்து தெரியும். தூய வெள்ளைச் சுவரில் எங்கள் முகங்கள் இருக்கும் நிறத்தைவிடக் கறுத்துத் தெரியும். படத்தைச் சுற்றி இரண்டு அங்குல அகலத்தில் மண்ணிறமோ சாம்பலோ கலந்த அட்டை வைத்தால் முகம் தன் நிறத்துக்கு வந்துவிடும். அந்த அட்டை இன்னொரு வேலையும் செய்கிறது: படத்தைக் கண்ணாடியில் தொடவிடாது. படத்தின் மேற்பூச்சு ஜெலற்றின். மாரியில் அது ஈரம் குடித்து வீங்கி, கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சுவரிலிருந்தும் பிறேமைத் தள்ளி வைக்க வேண்டும். பின் மூலைகளில் சின்னத் தக்கைத் துண்டுகள் போதும். சுவரின் ஈரமும் கறையானும் நேராக ஏறாது. இறந்தவரின் படத்துக்கு முன் விளக்கு வைப்பதானால் படத்துக்கு நேர் கீழே வேண்டாம், ஒரு முழம் முன்னுக்கு வையுங்கள். எண்ணெய்ப் புகையும் சூடும் மேலேதான் போகும். ஈரப் பூமாலை பிறேமைத் தொடாமல் தொங்கட்டும்.

இவ்வளவும் செய்தாலும், ஒன்றே ஒன்றாக இருக்கும் படத்தைச் சுவரில் மாட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாட்டுவது பிரதியாக இருக்கட்டும். 35 மில்லிமீற்றர் அகலமுள்ள பாஸ்போட் படத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியாக, ஸ்கான் செய்தால் அகலத்தில் 800க்கு மேல் புள்ளிகள் கிடைக்கும். கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் கண்ணுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், ஆனால் இரண்டு மீற்றர் தள்ளி நின்றால் 44 போதும். ஆகவே படம் கூர்மையாக இருந்தால் அதை ஒரு அடி அகலத்துக்குப் பெருப்பித்துச் சுவரில் மாட்டினாலும் செற்றியில் இருந்து பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். அச்சடிக்கும் கடையில் சாய மையா, பிக்மென்ற் மையா என்று கேளுங்கள். பிக்மென்ற் மையில் நிறம் துகள்களாக இருப்பதால் வெளியே உள்ள மூலக்கூறுகள் உள்ளே உள்ளவற்றை மறைத்துக் காக்கும், சாய மையைவிட நீண்ட காலம் நிற்கும். இரவில் படம் பார்க்க எல்ஈடி லைற்றே நல்லது, அதில் புறஊதா இல்லை என்றே சொல்லலாம். நிறத்தைக் காட்டும் தரம் (CRI) 90க்கு மேல் உள்ள பல்பாக எடுத்தால் முகங்கள் வெளிறாமல் தெரியும்.

பழைய படம் ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டிவிட்டதா? உரிக்க வேண்டாம். உரித்தால் முகம்தான் கண்ணாடியோடு வரும். ஈரத்துணியாலும் தொடாமல், கண்ணாடியின் வெளிமுகத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்து, கண்ணாடியோடேயே ஸ்கானரில் கவிழ்த்து வைத்துப் பிரதி எடுங்கள். ஸ்கானர் இல்லாவிட்டால் நிழலான விறாந்தையில் வைத்து, கறுப்புத் துணியொன்றை உங்களுக்குப் பின்னால் பிடிக்கச் சொல்லிவிட்டு, கைபேசியால் எடுங்கள், பிரதிபலிப்பு விழாது.